சின்ன சில்லறைக் கம்பெனியின் பங்கை எடைபோடுவது எப்படி: கடை வாசலிலிருந்து பேலன்ஸ் ஷீட் வரை

நான் வாங்கிய முதல் சில்லறை விற்பனைக் கம்பெனிப் பங்கு, தீபாவளிக் கூட்டத்தைப் பார்த்து வாங்கியது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாகத் திறந்திருந்த நாலு மாடித் துணிக்கடை. பில் போட முக்கால் மணி நேரம் நின்றேன். நிற்கும்போதே அந்தக் கம்பெனி சந்தையில் பட்டியலாகியிருக்கிறதா என்று ஃபோனில் தேடினேன்; பட்டியலாகியிருந்தது. அடுத்த வாரமே வாங்கிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து, போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்கோடு வெளியே வந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு வருடமும் கம்பெனியின் விற்பனை ஏறிக்கொண்டுதான் இருந்தது. புதுக்கடை மேல் புதுக்கடை திறந்தார்கள். நான் பார்த்தது வாசலில் நின்ற கூட்டத்தை. பார்க்காமல் விட்டது குடோனில் ஏறிக்கொண்டிருந்த சரக்கை. அதற்குப் பிறகு சில்லறைக் கம்பெனி எதைப் பார்த்தாலும் விற்பனை எவ்வளவு என்பதைக் கடைசியில்தான் பார்க்கிறேன். நான் போகிற வழி இதுதான்.

எந்த அளவுக் கம்பெனி

இந்தியச் சந்தையில் சந்தை மதிப்பின்படி (எல்லாப் பங்குகளின் மொத்த விலை) வரிசைப்படுத்தினால் 251-வது இடத்திலிருந்து கீழே வருபவை எல்லாம் ஸ்மால்கேப். சில்லறைத் துறையில் இப்படிப் பல கம்பெனிகள் உண்டு: வட இந்தியச் சிற்றூர்களில் துணி விற்கும் வி-மார்ட், வி2 ரீட்டெயில், கிழக்கே பஜார் ஸ்டைல், ஐதராபாத்திலிருந்து எலக்ட்ரானிக்ஸ் மார்ட், காஞ்சிபுரம் வரமகாலட்சுமி கடைகளை நடத்தும் சாய் சில்க்ஸ், சென்னையின் கோ ஃபேஷன், மதுரையின் தங்கமயில். இவற்றில் எதையும் வாங்கச் சொல்லவில்லை, விற்கவும் சொல்லவில்லை. துறையின் முகம் தெரியட்டும் என்றுதான் பெயர் சொன்னேன்.

எஸ்எம்இ பிரிவில் (சின்ன நிறுவனங்களுக்கென்று சந்தையில் இருக்கும் தனிப் பிரிவு) வரும் கம்பெனிகளை நான் தொடுவதில்லை. தகவல் குறைவு, ஒரு லாட் (குறைந்தபட்சம் மொத்தமாக வாங்க வேண்டிய எண்ணிக்கை) வாங்கவே பெரிய தொகை வேண்டும், விற்கப் போனால் எதிரே ஆள் இருக்காது. முதலில் மெயின்போர்டில், அதாவது சந்தையின் முக்கியப் பிரிவில், பழகுங்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் கடைக்குப் போங்கள்

மருந்துக் கம்பெனியின் ஃபேக்டரிக்குள் நம்மை யாரும் விடமாட்டார்கள். துணிக்கடைக்குள் வணக்கம் சொல்லி விடுகிறார்கள். இந்தத் துறையில் சின்ன முதலீட்டாளருக்குக் கிடைக்கும் பெரிய வசதி இது. ஆனால் பண்டிகை நாளில் போகாதீர்கள். அன்று எல்லாக் கடையிலும் கூட்டம் இருக்கும். வாரநாளில், மதியம் போங்கள். ஒரே கடைக்கு மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை போவது இன்னும் நல்லது.

உள்ளே போனதும் முன்வரிசை அலங்காரத்தை விட்டுவிட்டுப் பின்சுவர் ரேக்குக்குப் போங்கள். போன முறை பார்த்த அதே டிசைன் அதே இடத்தில் தொங்குகிறதா? அளவுகள் உடைந்திருக்கின்றனவா, அதாவது 38-ம் 40-ம் போய்விட்டு வெறும் 44 மட்டும் நிற்கிறதா? அளவு உடைந்த சரக்கு பாதி விலைக்குத்தான் போகும். விலைச் சீட்டின் மேல் இன்னொரு விலைச் சீட்டு ஒட்டியிருந்தால் நகத்தால் லேசாகக் கிளப்பிப் பாருங்கள். ஆடித் தள்ளுபடி ஆடியில் இருப்பது வழக்கம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தொடர்ந்தால் சரக்கு தேங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ட்ரயல் ரூம் பக்கம் நிற்கும் பையனிடம் பேச்சுக் கொடுங்கள். "எத்தனை நாளா இங்க இருக்கீங்க தம்பி?" என்று ஆரம்பித்தால் போதும். எல்லோரும் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று சொன்னால் ஆட்கள் நிற்பதில்லை. சம்பளம் தேதிக்கு வருகிறதா என்பதை நேராகக் கேட்க முடியாது, ஆனால் பேச்சுவாக்கில் வந்துவிடும். பக்கத்து டீக்கடைக்காரருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

ஒரு கடையை வைத்து நூறு கடையை எடைபோட முடியாதுதான். ஆனால் பிறகு ஆண்டறிக்கையைத் திறக்கும்போது, அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு ரேக் கண்ணில் தெரியும்.

பழைய கடை வேறு, புதுக் கடை வேறு

இனி வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை. கம்பெனியின் இணையதளத்திலிருந்தோ பிஎஸ்இ, என்எஸ்இ தளங்களிலிருந்தோ ஐந்து வருட ஆண்டறிக்கைகளையும், கடைசி எட்டுக் காலாண்டின் முதலீட்டாளர் அறிக்கைகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நோட்டில் ஒவ்வொரு வருடத்துக்கும் கடை எண்ணிக்கை, மொத்தச் சதுர அடி, விற்பனை, மொத்த லாபம் (விற்பனையிலிருந்து விற்ற சரக்கின் அடக்க விலையைக் கழித்தது), வருட முடிவுச் சரக்கு, சப்ளையர் பாக்கி, கடன் ஆகியவற்றை எழுதுங்கள். எக்ஸெல்லிலும் செய்யலாம். கையால் எழுதினால் மனதில் நிற்கிறது என்பது என் பழக்கம்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைத் துணிக்கடைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். போன வருடம் 48 கடைகள், ஒவ்வொன்றும் 8,000 சதுர அடி, விற்பனை 340 கோடி ரூபாய். இந்த வருடம் 12 புதுக் கடைகள் திறந்து 60 ஆனது. விற்பனை 390 கோடி. கிட்டத்தட்ட 15 சதவீத வளர்ச்சி. செய்தித்தாளில் இதுதான் வரும்.

அந்த 390 கோடியில் புதுக் கடைகள் கொண்டுவந்தது 40 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் பழைய 48 கடைகளும் விற்றது 350 கோடி. 340-லிருந்து 350, அதாவது 3 சதவீதம். விலைவாசி அதைவிட வேகமாக ஏறிய வருடமாக இருந்தால், பழைய கடைகளில் உண்மையில் போன வருடத்தைவிடக் குறைவான உருப்படிகள்தான் விற்றிருக்கின்றன. பழைய கடைகளின் இந்த 3 சதவீதத்தைத்தான் சேம் ஸ்டோர் வளர்ச்சி என்கிறார்கள். நல்ல கம்பெனிகள் ஒவ்வொரு காலாண்டும் சொல்லிவிடும். நன்றாக இருந்த வரை சொல்லிவிட்டு, ஒரு காலாண்டிலிருந்து அந்தப் பக்கத்தையே அறிக்கையிலிருந்து எடுத்துவிடும் கம்பெனிகளும் உண்டு. காணாமல்போன பக்கமும் ஒரு தகவல்தான்.

அடுத்தது சதுர அடிக்கு விற்பனை. 350 கோடியை 3.84 லட்சம் சதுர அடியால் வகுத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 760 ரூபாய். புதுக் கடைகள் சராசரியாக அரை வருடம் ஓடியிருந்தால் அவற்றுக்கு மாதம் 694 ரூபாய். புதுக் கடை பழைய கடையைவிடக் குறைவாக விற்பது சகஜம். ஊருக்குப் பழக வேண்டும். ஆனால் மூன்று வருடம் தொடர்ந்து இந்த எண் இறங்கிக்கொண்டே வந்தால், நல்ல ஊர்கள் தீர்ந்துபோய் இப்போது சுமாரான ஊர்களில் கடை போடுகிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

காலாண்டுகளை ஒப்பிடும்போது காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி எப்போது வந்தாலும் அக்டோபர்–டிசம்பர் காலாண்டுக்குள் அடங்கிவிடும். துர்கா பூஜை அப்படியில்லை. 2024-ல் அது அக்டோபரில் வந்தது; 2025-ல் செப்டம்பர் 28-ல் தொடங்கிவிட்டது. கிழக்கிந்தியாவில் கடை வைத்திருக்கும் கம்பெனிக்கு அந்த வியாபாரம் முந்தைய காலாண்டுக்கு நகர்ந்துவிடும். ரம்ஜானும் அப்படித்தான்: 2024-ல் ஏப்ரல் 11, 2025-ல் மார்ச் 31. இது தெரியாமல் "செப்டம்பர் காலாண்டில் அசுர வளர்ச்சி" என்ற தலைப்பைப் பார்த்து வாங்குகிறவர்கள் அடுத்த காலாண்டில் முழிப்பார்கள். இரண்டு காலாண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள், சரியாகிவிடும்.

சரக்கு: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

சில்லறை வியாபாரம் என்பது சரக்கை வாங்கி, விற்று, வந்த காசில் மறுபடி வாங்குவது. எத்தனை நாளில் ஒரு சுற்று முடிகிறது என்பதுதான் கேள்வி. எந்த அண்ணாச்சியும் இதை வாய்க்கணக்காகச் சொல்லிவிடுவார். நாம் சொத்தும் கடனும் எழுதியிருக்கும் பேலன்ஸ் ஷீட்டிலிருந்து எடுக்க வேண்டும்: வருட முடிவுச் சரக்கை, விற்ற சரக்கின் அடக்க விலையால் வகுத்து, 365-ஆல் பெருக்குங்கள்.

நம் கற்பனைக் கம்பெனிக்கு மொத்த லாபம் 34 சதவீதம். போன வருட அடக்கம் 224 கோடி, கையிருப்பு 68 கோடி, 111 நாள். இந்த வருட அடக்கம் 257 கோடி, கையிருப்பு 102 கோடி, 145 நாள். விற்பனை 15 சதவீதம் ஏற, சரக்கு 50 சதவீதம் ஏறியிருக்கிறது.

உடனே ஓடிவிடாதீர்கள். புதுக் கடையில் ரேக்கை நிரப்ப ஒரே நாளில் முழுச் சரக்கும் போக வேண்டும், ஆனால் அதன் விற்பனை அரை வருடத்துக்குத்தான் கணக்கில் வந்திருக்கிறது. ஆகவே வேகமாக வளரும் கம்பெனிக்கு இந்த நாள் கணக்கு கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். அதனால் கடைக்கு எவ்வளவு சரக்கு என்றும் பாருங்கள். போன வருடம் கடைக்கு 1.4 கோடி, இந்த வருடம் 1.7 கோடி. 12 புதுக் கடைகளுக்கு நியாயமாகத் தேவைப்பட்டது 17 கோடி. ஏறியதோ 34 கோடி. மீதி 17 கோடி பழைய ரேக்குகளிலும் குடோனிலும் நிற்கிறது. பழைய கடைகளின் விற்பனை 3 சதவீதம் ஏறிய வருடத்தில், கடைக்கு 20 சதவீதம் கூடுதல் சரக்கு எதற்கு? கான்காலில் (காலாண்டு முடிவுக்குப் பின் நிர்வாகம் முதலீட்டாளர்களோடு பேசும் தொலைபேசிக் கூட்டம்) யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்களா என்று தேடுவேன். பண்டிகைக்கு முன்கூட்டியே வாங்கினோம் என்று பதில் வந்தால், பண்டிகை முடிந்த பின் வரும் பேலன்ஸ் ஷீட் வரை காத்திருப்பேன்.

இதில் உண்மையான ஆபத்து என்ன? விற்காத சரக்கு லாப நட்டக் கணக்கைத் தொடுவதே இல்லை. ஆயிரம் சட்டை வாங்கி நானூறு விற்றால், நானூறின் அடக்கம்தான் செலவு. மீதி அறுநூறும் பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாக உட்கார்ந்திருக்கும். சரக்கை அடக்க விலை, விற்கக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும் என்பது விதி. ஆனால் இரண்டு வருடப் பழைய சுடிதார் என்ன விலைக்கு விற்கும் என்று முதலில் தீர்மானிப்பது கம்பெனி நிர்வாகம்தானே. அவர்கள் ஒத்துக்கொள்ளும் நாள் வரை லாபம் அழகாகவே இருக்கும்.

துறைக்குத் துறை அளவுகோல் மாறும். மளிகையில் சரக்கு ஒரு மாதத்துக்குள் சுழல வேண்டும்; அழுகும், காலாவதியாகும். துணியில் 90-லிருந்து 120 நாள் வரை எனக்குப் பதட்டம் இல்லை. பட்டுச் சேலைக் கடைக்கு அதைவிட நீளும். நகைக் கடை தனிக் கதை. பழைய நகையை உருக்கலாம், ஆகவே விற்காமல் தேங்கும் டெட் ஸ்டாக் பயம் குறைவு. ஆனால் தங்கம் விலை ஏறினால் கையிருப்பிலேயே லாபம் வந்து வியாபாரத் திறமை போலக் காட்சி தரும். 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்துக்கான சுங்க வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தபோது, கையில் சரக்கு வைத்திருந்த நகைக் கம்பெனிகள் அந்தக் காலாண்டில் கையிருப்பு நட்டம் காட்ட வேண்டி வந்தது. வியாபாரம் மாறவில்லை, விலைதான் மாறியது. நகைக் கடைப் பங்கில், எத்தனை சதவீதச் சரக்கை ஹெட்ஜ் செய்திருக்கிறார்கள் (விலை இறங்கினாலும் அடிபடாதபடி முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்) என்பதைப் பார்க்காமல் லாபத்தைப் பார்க்காதீர்கள்.

வாடகை ஒளிந்திருக்கும் இடம்

2019 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் இண்ட் ஏஎஸ் 116 என்ற கணக்கு விதி நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நீண்டகால வாடகை ஒப்பந்தம் ஒரு சொத்தாகவும் ஒரு கடனாகவும் பேலன்ஸ் ஷீட்டில் ஏறும். மாதாமாதம் கொடுக்கும் வாடகை, வாடகைச் செலவு என்ற வரியிலிருந்து மறைந்து, தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்து கீழே போய்விடும். விதியில் தவறில்லை. ஆனால் எபிட்டா என்பது தேய்மானத்துக்கும் வட்டிக்கும் முந்தைய லாபம். ஆக, கடை நடத்துகிறவனின் பெரிய செலவு ஒன்று அதில் இல்லவே இல்லை.

நம் கம்பெனியில் மொத்த லாபம் 133 கோடி. வாடகை 26, ஆள் சம்பளம் 39, கரண்ட், விளம்பரம், லாரி எல்லாம் 40. மிச்சம் 28 கோடி, விற்பனையில் 7 சதவீதம். அறிக்கையிலோ வாடகையைக் கழிக்காமல் 54 கோடி, கிட்டத்தட்ட 14 சதவீதம் என்று இருக்கும். இரண்டுமே சட்டப்படி சரி. நீங்கள் 7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சில கம்பெனிகள் பழைய முறைக் கணக்கையும் முதலீட்டாளர் அறிக்கையில் தருகின்றன. தராதவற்றுக்கு, கேஷ் ஃப்ளோ (ரொக்க வரவு செலவு) பக்கத்தில் "குத்தகைக் கடன் திருப்பிச் செலுத்தல்" என்ற வரியையும் அதன் வட்டியையும் கூட்டினால் உண்மையில் கொடுத்த வாடகை கிடைத்துவிடும். இதே காரணத்தால், இந்தத் துறையில் வாடகை போகக் கேஷ் ஃப்ளோ எவ்வளவு என்று பார்க்காமல் "வியாபாரத்தில் வந்த ரொக்கம் பிரமாதம்" என்ற முடிவுக்கு வராதீர்கள்.

தேய்மானம் 8, வங்கி வட்டி 5, வரி எல்லாம் போக நிகர லாபம் 11 கோடி. அதே வருடம் சரக்கில் போய் உட்கார்ந்தது 34 கோடி. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

சப்ளையரும் வங்கியும்

வந்தது இரண்டே இடத்திலிருந்துதான் இருக்கும். ஒன்று வங்கி, இன்னொன்று சப்ளையர். சுபிக்‌ஷாவின் கதை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். 1997-ல் சென்னையில் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நாடு முழுக்க ஏறக்குறைய 1,600 கடைகள் வரை போன கம்பெனி அது. 2008 உலக நெருக்கடியில் புதுப் பணம் வருவது நின்றது. 2009 தொடக்கத்தில் சம்பளம், வாடகை, சப்ளையர் பாக்கி எதையும் கொடுக்க முடியாமல் கடைகள் மூடின. சந்தையில் பட்டியலாகாத கம்பெனி என்பதால் சின்ன முதலீட்டாளர்கள் தப்பினார்கள்.

பட்டியலான கம்பெனிக்கு விஷால் ரீட்டெயிலைப் பாருங்கள். 2007-ல் 270 ரூபாய்க்கு ஐபிஓ (முதல் பொதுப் பங்கு வெளியீடு) வந்து அமோகமாக ஓடியது. கடன் வாங்கிக் கடை திறந்தார்கள், சரக்கை நிரப்பினார்கள், இரண்டே வருடத்தில் கடன் மறுசீரமைப்புக்குப் போனார்கள். 2011-ல் வியாபாரம் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான டிபிஜியிடமும் ஸ்ரீராம் குழுமத்திடமும் கைமாறியது. அந்தக் கடைகள்தான் பிறகு சீரமைக்கப்பட்டு 2024 டிசம்பரில் விஷால் மெகா மார்ட் என்று 78 ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தவை. பழைய பட்டியலிட்ட கம்பெனி என்ன ஆனது? கடைகள் போன பின் வி2 ரீட்டெயில் என்று பெயர் மாறி, அதே நிறுவனரின் கையில் மறுபடி தொடங்கியது. 2023-ல் நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் கிடந்த பங்கு 2024-ல் ஆயிரத்தைத் தாண்டியது. நடுவில் எத்தனை பேர் பொறுமையாக வைத்திருந்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நான் நிச்சயமாக இருந்திருக்க மாட்டேன்.

ஆகவே ஆண்டறிக்கையின் குறிப்புகளில் சப்ளையர் பாக்கியின் வயது அட்டவணையைத் தேடுங்கள். 2021-22 முதல் இது கட்டாயம்: ஒரு வருடத்துக்கு உட்பட்டது, ஒன்றிலிருந்து இரண்டு, அதற்கு மேல் என்று பிரித்திருக்கும், சிறு குறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியது தனியாக. திருப்பூர்க்காரருக்கும் சூரத்காரருக்கும் பணம் இழுபறியானால் முதலில் தெரிவது இங்கேதான். அவர்கள் அடுத்த சீசனில் நல்ல சரக்கை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை இந்தக் கடைக்கு அனுப்புவார்கள். அப்புறம் நீங்கள் பின்சுவர் ரேக்கில் பார்ப்பது அதைத்தான்.

கிரிசில், இக்ரா, கேர் போன்ற தர நிர்ணய நிறுவனங்களின் அறிக்கைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வங்கி கொடுத்த கடன் வரம்பில் எத்தனை சதவீதம் வரை பயன்படுத்துகிறார்கள் என்று பல அறிக்கைகளில் எழுதியிருக்கும். 90 சதவீதத்துக்கு மேல் மாதக்கணக்கில் தொடர்ந்தால் மூச்சு முட்டுகிறது என்று பொருள். பங்குச் சந்தை ஆட்கள் இந்த அறிக்கைகளைப் படிப்பதே இல்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆடிட்டர் என்ன சொல்லியிருக்கிறார், முதலாளி என்ன செய்கிறார்

ஆடிட்டர் அறிக்கையோடு காரோ 2020 (ஆடிட்டர் எவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்ற அரசு உத்தரவு) என்ற இணைப்பு ஒன்று இருக்கும். அதில் இரண்டாவது பிரிவை மட்டுமாவது படியுங்கள். சரக்கை நேரில் எண்ணினார்களா, எண்ணியதில் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வந்ததா என்று அங்கே சொல்ல வேண்டும். சரக்கு போன்ற நடப்புச் சொத்துகளின் பேரில் ஐந்து கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் (அன்றாட வியாபாரத்துக்கான கடன்) வரம்பு இருந்தால், வங்கிக்குக் காலாண்டுதோறும் கொடுத்த கணக்கும் கம்பெனியின் புத்தகமும் ஒத்துப்போகிறதா என்றும் சொல்ல வேண்டும். வங்கியிடம் ஒரு சரக்குக் கணக்கு, புத்தகத்தில் இன்னொன்று என்று அட்டவணை போட்டிருந்தால், அந்தக் கம்பெனியில் மேற்கொண்டு நேரம் செலவழிக்க மாட்டேன். சின்ன வித்தியாசத்துக்குச் சில சமயம் நியாயமான விளக்கம் இருக்கலாம். இருக்கட்டும், சந்தையில் ஆயிரக்கணக்கான கம்பெனிகள் இருக்கின்றன.

அப்புறம் தொடர்புடையவர்களுடனான பரிவர்த்தனைகள். குடும்பமாக நடத்தும் கடைகளில் கட்டடம் முதலாளியின் மனைவி பெயரில் இருப்பதும், கம்பெனி அதற்கு வாடகை கொடுப்பதும் சாதாரணம். அந்த வாடகை ஊர் நிலவரத்துக்கு ஒத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சரக்கையே தம்பியின் கம்பெனியிலிருந்து வாங்கினால் எனக்குப் பிடிக்காது. லாபம் எந்தப் பக்கம் தங்கும் என்பது குடும்பத்தின் விருப்பம் ஆகிவிடும். புரமோட்டர், அதாவது கம்பெனியின் முதலாளி, தன் பங்கை அடமானம் வைத்திருக்கிறாரா என்பது காலாண்டுப் பங்குதாரர் பட்டியலில் வரும்.

வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் என்பதும் முக்கியம். பிக் பஜார் கடைகளை நடத்திய ஃப்யூச்சர் ரீட்டெயில் வாடகை கட்ட முடியாமல் தவித்தபோது, பல கடைகளின் குத்தகையை ரிலையன்ஸ் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அதே கடைகளை ஃப்யூச்சருக்கே உள்குத்தகைக்கு விட்டிருந்தது. 2022 பிப்ரவரியில் அந்தக் கடைகளை எடுத்துக்கொண்டது. பிக் பஜார் பலகை இறங்கியது. அதே வருடம் ஜூலையில் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனது. டிமார்ட் பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் கடை நடத்துவதால் மெதுவாக வளர்கிறது என்று குறை சொல்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

கம்பெனி வேறொரு வியாபாரத்தை வாங்கினால் அதைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். வி-மார்ட் 2021-ல் அன்லிமிடெட் கடைகளை வாங்கித் தென்னிந்தியாவுக்குள் வந்தது. 2022-ல் லைம்ரோடு என்ற ஆன்லைன் வியாபாரத்தை வாங்கியது. அதற்குக் கொடுத்த விலை பெரிதல்ல, நடத்துகிற செலவுதான் கடித்தது. 2022-23-லும் 2023-24-லும் கம்பெனி நிகர நட்டம் காட்டியது. பழைய கடைகளின் கணக்கைத் தனியே வைத்துப் பார்த்தவருக்கு எது புண், எது உடம்பு என்று தெரிந்திருக்கும்.

ஒரு கடையின் கணக்கு

கம்பெனியை மறந்துவிட்டு, நீங்களே அந்தப் பெயரில் ஒரு கடை எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 8,000 சதுர அடி. உள் அலங்காரம், ஏசி, ரேக், அட்வான்ஸ் எல்லாம் 1.6 கோடி, சரக்கு 1.4 கோடி; மொத்தம் 3 கோடி. சதுர அடிக்கு மாதம் 700 ரூபாய் விற்றால் வருடம் 6.7 கோடி. அதில் 34 சதவீதம் 2.28 கோடி. சதுர அடி 50 ரூபாய் வீதம் வாடகை 48 லட்சம், மற்றக் கடைச் செலவு 1.07 கோடி. கையில் நிற்பது 73 லட்சம். போட்ட பணம் நாலு வருடத்தில் வரும்.

அதே கடையில் 600 ரூபாய்தான் விற்கிறது என்று வையுங்கள். விற்பனை 5.76 கோடி, மொத்த லாபம் 1.96 கோடி. வாடகை குறையாது, ஆட்களைப் பெரிதாகக் குறைக்க முடியாது. நிற்பது 41 லட்சம். பணம் திரும்ப ஏழு வருடத்துக்கு மேல். விற்பனை ஏழில் ஒரு பங்கு குறைந்ததற்கு லாபம் பாதிக்குக் கிட்டே போய்விட்டது. எதிர்த்தெருவில் ஜூடியோ மாதிரி மலிவு விலைத் துணிக்கடை ஒன்று திறந்தால் இது நடக்கும். சதுர அடிக்கு விற்பனை என்ற எண்ணை நான் ஏன் பிடித்துத் தொங்குகிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

விலை

இதுவரை பார்த்தது கடை நல்ல கடையா என்பதை. நல்ல கடையையும் அநியாய விலைக்கு வாங்கலாம்.

நம் கம்பெனியின் லாபம் 11 கோடி. சந்தை மதிப்பு 440 கோடி, பி.இ. (சந்தை மதிப்பு வருட லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) 40 என்று வைத்துக்கொள்வோம். இந்தத் துறையில் அது கேட்டுப் பழகிய எண்தான். இது அதிகமா குறைவா என்று வாதாடுவதைவிட, திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்ப்பேன். ஐந்து வருடத்தில் என் பணம் இரட்டிப்பாக வேண்டும். அதாவது வருடம் 15 சதவீதம். அதற்குச் சந்தை மதிப்பு 880 கோடி ஆக வேண்டும். ஆனால் அதற்குள் வளர்ச்சி மட்டுப்பட்டு பி.இ. 20-க்கு வந்துவிடும் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் லாபம் 44 கோடி வேண்டும். இப்போதுள்ள நிகர லாப விகிதம் 2.8 சதவீதம். ஆக விற்பனை ஏறக்குறைய 1,570 கோடி. கடைக்கு 6.7 கோடி என்றால் 234 கடைகள். இப்போது இருப்பது 60. இன்னும் 174 கடைகள், தலா 3 கோடி, மொத்தம் 520 கோடிக்கு மேல்.

வருடம் 11 கோடி சம்பாதிக்கிற கம்பெனிக்கு 520 கோடி எங்கிருந்து வரும்? கடன், அல்லது புதுப் பங்கு. கடன் என்றால் மேலே சொன்ன கதை. புதுப் பங்கு என்றால் லாபத்தைப் பகிர ஆட்கள் கூடுவார்கள், என் பங்குக்கு வரும் லாபம் நான் போட்ட கணக்கைவிடக் குறையும். லாப விகிதம் இரட்டிப்பானால் 117 கடைகள் போதும். அது நடக்குமா என்பதற்கு சேம் ஸ்டோர் வளர்ச்சியும் சரக்கு நாளும்தான் சாட்சி. இந்தக் கம்பெனியில் இரண்டுமே எதிர்த்திசையில் போகின்றன. 440 கோடிக்கு வேண்டாம். 200 கோடிக்கு வந்தாலும் சரக்கு குறைகிறதா என்று ஒரு காலாண்டு பார்த்துவிட்டுத்தான் யோசிப்பேன்.

வாங்குவதாக முடிவு செய்தால்

தினமும் எவ்வளவு ரூபாய்க்குக் கைமாறுகிறது என்று பாருங்கள். நாளொன்றுக்கு 20 லட்சம் ரூபாய்க்குத்தான் வியாபாரம் நடக்கிறது என்றால், நீங்கள் 10 லட்சம் போட்டுவிட்டு அவசரத்துக்கு வெளியே வர முடியாது. கெட்ட செய்தி வந்த நாளில் லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய எல்லையில், பூட்டிவிடும். அன்றே வாங்கி அன்றே விற்க முடியாத டிரேட் டு டிரேட் பிரிவிலோ ஏஎஸ்எம், ஜிஎஸ்எம் என்ற சிறப்புக் கண்காணிப்பிலோ இருக்கிறதா என்று பரிமாற்றகத் தளத்தில் பார்த்துவிடுங்கள். டெலிகிராம் குழுவில் பெயர் அடிபடும் சின்ன சில்லறைப் பங்கை, அடிபடுவது ஓயும் வரை நான் தொடுவதில்லை. மொத்த முதலீட்டில் இப்படிப்பட்ட ஒரு பங்குக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவதும் இல்லை.

வரியைப் பொறுத்தவரை, 2024 ஜூலை 23 முதலான விற்பனையில் ஒரு வருடத்துக்கு உட்பட்ட லாபத்துக்கு 20 சதவீதம். அதற்கு மேல் வைத்திருந்தால் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாயைத் தாண்டும் லாபத்துக்கு 12.5 சதவீதம்.

வாங்கும் நாளிலேயே எப்போது விற்பேன் என்பதை நோட்டில் எழுதிவிடுவேன். விலையை எழுதுவதில்லை. கடைக்கு இருக்கும் சரக்கு இரண்டு அரையாண்டு தொடர்ந்து விற்பனையைவிட வேகமாக ஏறினால் பாதி விற்பேன். பேலன்ஸ் ஷீட் அரையாண்டுக்கு ஒரு முறைதான் வரும் என்பதால் இந்தக் கணக்கு. சேம் ஸ்டோர் எண்ணைச் சொல்வதை நிறுத்தினால் மீதிப் பாதி. ஆடிட்டர் பதவிக்காலம் முடியாமல் நடுவில் விலகினால், அன்று காலை சந்தை திறந்ததும் என்ன விலை கிடைக்கிறதோ அந்த விலைக்கு எல்லாமே.